தையல்காரன் படத்தில் அது யார் கை?

அந்தப் பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வகிடு எடுக்கிறாள். சீப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. கண்ணாடிக்குள், அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. அதில் இருக்கிற எண்களெல்லாம் திரும்பி நிற்கின்றன. அவள் அதைப் பார்க்கிறாள். பிறகு தன் வகிட்டைப் பார்க்கிறாள். வசனம் இல்லை, இசை இல்லை. தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. தூத்துக்குடி வெயிலில் ஜன்னலையெல்லாம் சாத்தி, மருமகன் வாங்கித் தந்த பெரிய டிவியில் நானும் என் மனைவி பத்மாவும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த முறுக்குத் தட்டு கீழே போனது.

"என்னாச்சு? மார் வலிக்கறதா?" என்றாள் பத்மா.

"இல்லை. ராயப்பன் சொன்னதுதான் சரி."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். ராயப்பன் என்னோடு பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. காரணம் நான் இதே பத்திரிகையில், இதே தொடரில் எழுதிய ஓர் அத்தியாயம். அந்த வியாழக்கிழமை அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஒருவர் எடுத்த இரண்டு படங்கள்

இரண்டு படத்தையும் எடுத்தவர் ஒரே இயக்குநர்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் அடித்த கூத்தில் அவரை இழுத்துவிட வேண்டாம் என்று பார்க்கிறேன். குடும்பப் படங்கள் நிறைய எடுத்தவர். நடுவில் இந்த இரண்டும் மட்டும் ஆளின் மனசுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு ஆட்டிவைக்கிற படங்கள். முதலாவதற்கு எங்களுக்குள் தையல்காரன் படம் என்று பெயர். இரண்டாவதைக் கண்ணாடிப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தையல்காரன் படத்தைப் பற்றி அப்போது எழுதியதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி. வாராவாரம் வீட்டுக்கே வந்து துணி தைத்துக் கொடுக்கிற தையல்காரர் ஒருவர். புருஷன் நல்லவன்தான் என்று தோன்றும். ஒருநாள் அவளுடைய ரவிக்கை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் எல்லாமே. தான் நாளுக்கு நாள் இளைத்துப் போகிறோம் என்று நினைக்கிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். அவள் நம்பவில்லை. ரவிக்கை சொல்கிறதே!

உண்மையில் அவள் இளைக்கவே இல்லை. ரவிக்கையின் உள்பக்கம் மடித்துவிட்டிருக்கும் துணியை யாரோ தையல் பிரித்து, விரற்கடை விரற்கடையாக அகலப்படுத்தி, மறுபடி தைத்து வைக்கிறார்கள். இதைவிட மலிவான கொலைத் திட்டத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஒரு ப்ளேடு, ஒரு ஊசி, கொஞ்சம் நூல். அவ்வளவுதான் செலவு. அவள் பயத்திலேயே சாப்பாட்டை வெறுத்து, நிஜமாகவே இளைக்க ஆரம்பிக்கிறாள்.

கடைசியில் அவள் கதவிடுக்கு வழியாக ஒரு கையைப் பார்க்கிறாள். கையை மட்டும். விளக்கு வெளிச்சத்தில் அது ரவிக்கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ப்ளேடு நூலை அறுக்கிற சத்தம் டக், டக் என்று கேட்கிறது. முகம் காட்டப்படுவதில்லை. அடுத்த காட்சியில் அவள் சிரித்தபடி புருஷனுக்குப் பால் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் குடிக்கிறான். அவன் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படம் முடிந்தது.

புருஷன் இடது கைக்காரன், தையல்காரர் வலது கைக்காரர். இதை முதல் பாதியிலேயே, அழுத்தம் கொடுக்காமல், ஒரு கையெழுத்திலும் ஒரு துணி வெட்டிலும் காட்டிவிடுகிறார் இயக்குநர். ஆக, கதவிடுக்கில் தெரிந்தது எந்தக் கை என்பதில் படமே இருக்கிறது. இடது கை என்றால் அவள் குற்றவாளியைத் தண்டித்தாள். வலது கை என்றால் ஒரு பாவமும் அறியாதவனுக்கு விஷம் கொடுத்துவிட்டாள்.

நான் பார்த்தது வலது கை. ராயப்பன் பார்த்தது இடது கை.

பாய்த்துணியில் படம்

பார்த்தது சினிமாக் கொட்டகையில் இல்லை. ராயப்பனின் ஊர், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே அந்தோணியார் கோயில் திருவிழா. நானும் அவனும் அப்போது கல்லூரியில் முதல் வருடம். நான் ஸ்ரீவைகுண்டத்துப் பையன். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், பெருமாள் கோயிலில் காலையும் மாலையும் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் முதல் வரிசை. சினிமா என்கிற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். நான் தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். கணக்குப் பாடம் சேர்ந்து படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தத் திருவிழாவுக்குப் போனேன்.

ராயப்பன் வீட்டில் எனக்கென்று தனியாக எலுமிச்சம் சாதம் கிளறி வைத்திருந்தார் அவன் அம்மா. மீன் பாத்திரம் படாத புதுச் சட்டி என்று இரண்டு தரம் சொன்னார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை வீட்டில் யாரும் மீன் பக்கம் போகவில்லை. திருவிழா நாளில், கடற்கரை வீட்டில்! அதன் மதிப்பு எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மணலில் இரண்டு பாய்மரக் கம்பை நட்டு, நடுவில் பழைய பாய்த்துணியைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருந்தார்கள். படகில் ஓடி ஓடி மெலிந்துபோன துணி. இருட்டியதும் நாலைந்து பேர் வாளியில் கடல் தண்ணீர் மொண்டு அதன்மேல் வீசி நனைத்தார்கள். துணி நனைந்திருந்தால்தான் படம் அந்தப் பக்கமும் பளிச்சென்று தெரியும். கூட்டத்தில் பாதி அந்தப் பக்கம்தான் இருக்கும். படம் ஓட்டுகிற மெஷின் இருக்கிற பக்கம் ஆண்கள், கடல் பக்கம் பெண்களும் கைக்குழந்தைகளும். அந்தப் பக்கம் காற்று வரும், மெஷின் சத்தமும் குறைவு. அங்கிருந்து பார்க்கிறவர்களை யாரும் பாவம் என்று நினைத்ததில்லை. அந்தக் கடற்கரையில் படம் என்றால் இரண்டு பக்கமும் பார்ப்பதுதான்.

மணலில் குந்தி உட்கார்ந்து, ரவிக்கை தொளதொளக்க ஆரம்பித்தபோது ராயப்பன் என் தொடையைக் கிள்ளினான். "ஏலே, எவனோ பிரிச்சு விடுதாம்லே" என்றான். பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது.

கையைப் பார்த்தே வாழ்ந்தவன்

ராயப்பன் இடது கைக்காரன். பள்ளியில் அவன் இடது மணிக்கட்டைப் பெஞ்சுக் காலோடு கயிறு போட்டுக் கட்டி வலது கையால் எழுதப் பழக்கினார்கள். எழுதவும் சாப்பிடவும் வலது கை பழகிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். கல்யாணத்தில் தாலி முடிச்சைக்கூட இடது கை முந்திப்போய்ப் போட்டுவிட, சொந்தக்காரக் கிழவர் ஒருவர் எல்லார் முன்னாலும் முகம் சுளித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பயிற்சிக்குப் போனான். அங்கிருந்த ஒரு மேஸ்திரி, "நொட்டாங்கைக்காரனை நம்பி எவன் சரக்குக்குக் கீழ நிப்பான்?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னான். முப்பது வருடம் கிரேன் ஓட்டினான். கப்பலின் சரக்கறை விளிம்பில் ஒருவர் நின்று கை காட்டுவார். ஏற்று, இறக்கு, நிறுத்து எல்லாம் கையாலேயே. அவ்வளவு உயரத்திலிருந்து அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் கிரேனுக்குக் கீழே நின்ற எவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நான் அதே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் கடற்கரையில் நடப்போம். வாரத்தில் ஒரு நாளாவது தையல்காரன் படம் வந்துவிடும்.

"வலது கைதாம்லே ராயப்பா. அதனாலதான் அது பெரிய படம். நிரபராதிக்கு விஷம் குடுத்துட்டு அவ நிம்மதியா நிக்கா. அந்த நிம்மதியைக் காட்டுதார் பாரு!"

"இடது கை. பெருவிரல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ரெங்கா, இடது கைக்காரன் கெட்டவன்னு காட்டுனா எனக்கு என்ன சந்தோசமா? கண்ணுல பட்டதைச் சொல்லுதேன்."

மறுபடி பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. அந்தப் படத்தின் பிரதி எங்கேயும் இல்லையாம். மூலச்சுருள் கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். பெயர்பெற்ற படம், பேசுகிறவர்கள் நிறைய, பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களில் எனக்குப் பேசக் கிடைத்தவன் ராயப்பன் ஒருவன்தான்.

ஐந்து மாதம் முன்பு அந்தப் படத்தைப் பற்றி இங்கே எழுதினேன். இயக்குநரின் ஈவிரக்கமற்ற மேதைமை, நிரபராதியின் கையிலிருந்த பால், இப்படியெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தேன். எழுதுகிற உற்சாகத்தில் ராயப்பனையும் பெயர் சொல்லி இழுத்தேன். "நொட்டாங்கைக்காரனுக்கு உலகத்தில் உள்ள கையெல்லாம் நொட்டாங்கைதான். கிரேன் மேலே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவனுக்கு இடம் வலம் குழம்பிவிட்டது" என்று ஒரு வரி. நன்றாக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். நிறையப் பேர் சிரித்ததாக எழுதினார்கள். ஆறுமுகநேரியிலிருந்து ஒரு அம்மாள் மட்டும், "நானும் அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன், அது இடது கைதான் ஐயா" என்று அஞ்சலட்டை போட்டிருந்தார். பாவம், வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று அதை மடித்து வைத்துவிட்டேன்.

ராயப்பன் போன் செய்தான். "படத்தைப் பத்தி என்ன வேணாலும் எழுது. என் கையை எதுக்குலே எழுதுன?" என்றான். அதோடு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் செய்த எந்தப் போனையும் எடுக்கவில்லை. கடற்கரைக்கும் வரவில்லை. கோயில் வாசலில் அவன் ஊர்க்காரர்கள், "ஏலே நொட்டாங்கை, பேப்பர்ல வந்துட்டியாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் பெஞ்சில் மறுபடி கட்டிப்போட்டுவிட்டேன் அவனை.

மறுபடியும் கண்ணாடிக்கு

இப்போது திங்கட்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன். அதே இயக்குநரின் இன்னொரு படம் இணையத்தில் சுத்தமான பிரதியாகக் கிடைக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதுதான் கண்ணாடிப் படம். அதுவரை நான் பார்க்காதது.

மாடி அறையில் தனியாக வசிக்கிற ஓர் ஆசிரியை. எதிர்வீட்டில் ஒரே ஜாடையில் அண்ணன், தம்பி. அண்ணன் வலப்பக்கம் வகிடு எடுப்பான், தம்பி இடப்பக்கம். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவரின் மருந்தில் ஒருவன் எதையோ கலப்பதை அவள் பார்க்கிறாள். பெரியவர் இறந்துபோகிறார். கோர்ட்டில், "வலப்பக்கம் வகிடு எடுத்தவர்" என்று சத்தியம் செய்து சொல்கிறாள். அண்ணன் ஜெயிலுக்குப் போகிறான். அப்புறம் ஒருநாள்தான் தலை வாரும்போது அந்த நாள்காட்டியைப் பார்க்கிறாள். அன்றைக்குத் தான் அவனைப் பார்த்தது நேராக இல்லை, கண்ணாடியில் என்பது நினைவுக்கு வருகிறது.

நான் எழுந்து நின்றது அங்கேதான்.

ஏனென்றால் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்கும் நினைவுக்கு வந்தது. திருவிழாவில் இடைவேளை விட்டு பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றினார்கள். ராயப்பன் கடலை வாங்கப் போனான். நான் திரும்பிப் பார்த்தால், நாலு முழம் தள்ளி ஒரு மிட்டாய்க் கடை. கல்லாவில் எங்கள் ஸ்ரீவைகுண்டத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சி! திருவிழாவுக்குக் கடை போட வந்திருக்கிறார். அப்பாவை வாரத்தில் மூன்று நாள் பார்க்கிறவர். விளக்கு வெளிச்சத்தில் அவர் என் பக்கம் திரும்புவதற்குள் எழுந்து ஓடினேன். திரைக்கு அந்தப் பக்கம் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். பாக்கிப் படம் முழுவதையும் அங்கிருந்துதான் பார்த்தேன்.

முதல் பாதியை முன்னாலிருந்து பார்த்தவன், மறுபாதியைப் பின்னாலிருந்து, இடம் வலம் மாறிப் பார்த்திருக்கிறேன். முதல் பாதியில் இடது கைக்காரனாக இருந்த புருஷன், பின்பாதியில் எனக்கு மட்டும் வலது கைக்காரன். முழுக்கப் பின்னாலேயே பார்த்த பெண்களுக்குக்கூடக் குழப்பம் வந்திருக்காது. அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் திரும்பித்தான் இருந்தது. இடையில் பக்கம் மாறியவன் நான் ஒருவன்தான். கடைசியில் 'வணக்கம்' என்கிற எழுத்து திரும்பி வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எழுத்து திரும்பியிருக்கிறதே, கை மட்டும் திரும்பாமல் இருக்குமா என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் ராயப்பன், "எங்கலே போன?" என்று கேட்டான். "தலை மறைச்சுது, முன்னால போயி உக்காந்துட்டேன்" என்றேன். திருவிழாவில் படம் பார்க்கப் போனாயா என்று அடுத்த வாரம் அப்பாவும் கேட்டார். அவர் காலைத் தொட்டு, போகவில்லை என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி, முன்னால் போய் உட்கார்ந்ததாகவே எனக்கும் ஆகிவிட்டிருந்தது.

நாற்பது வருடத்துக்கு மேலாக நான் கொண்டாடியது அந்த இயக்குநர் எடுக்காத ஒரு படத்தை. அவர் எடுத்தது ஒரு பெண் சரியான ஆளைக் கண்டுபிடித்த கதை. அதைத் திருப்பிப் பார்த்தபோதும் உடையாமல், இன்னொரு முழுப்படமாக நின்றிருக்கிறது பாருங்கள். கட்டினவர் அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறார். வெட்கத்துக்கு நடுவிலும் அந்த மனிதரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்மா படத்தை மறுபடி ஓட விட்டாள். மீதி ஒரு மணி நேரம் நான் நகரவில்லை. ஆசிரியைக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. குற்றவாளித் தம்பி மரியாதையான ஆள். அவளுடைய கண்ணாடியில் கீறல் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு புதுக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து மாட்டிக் கொடுக்கிறான். அவன் சுவரில் ஆணி அடிக்க அடிக்க அவள் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டே இருக்கிறார் இயக்குநர். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒருத்தி தள்ளிப்போடுவதை வைத்தே ஒரு மணி நேரம் மூச்சு முட்ட வைக்கிறார். கடைசியில் ஜெயில் வாசலுக்கு அண்ணனைப் பார்க்க வருகிறாள். பெஞ்சில் வரிசையாக ஆட்கள். அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவள் நிமிர்கிறாள். படம் முடிந்தது.

"எழுந்திருடீ" என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"அவளைச் சொல்றேளே, நீங்க எப்போ போறேள்?" என்றாள் பத்மா.

"உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

மறுநாள் சாயங்காலம் போனேன். ராயப்பன் முன்னறையில் அட்டைப்பெட்டி ஒன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"ராயப்பா, அது இடது கைதாம்லே."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "எது?"

"தையல்காரன் படத்துல. நான் சொன்னதுதான் தப்பு."

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "உடம்புக்கு ஏதும் சரியில்லையா? டாக்டரைப் பாத்தியா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன? இத்தனை வருசமா மல்லுக்கு நின்னவன் திடீர்னு வந்து தோத்துட்டேன்னு சொல்லுத."

"உன் கையைப் பத்தி எழுதினது அதைவிடத் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்தேன். "இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? ஊரெல்லாம் படிச்சு சிரிச்சாச்சு. என் பேத்தி வாசிச்சுட்டு, தாத்தா நீ எந்தக் கையில கிரேன் ஓட்டுனன்னு கேக்கா. எழுதுனதை எழுதித்தாம்லே சரி பண்ணணும்."

"எழுதுதேன்."

"எப்படி எழுதுவ? வயசாச்சு, ஞாபகம் பெசகிட்டுன்னு எழுதி முடிச்சிருவ. அதுக்கு எழுதாமலே இருக்கலாம்."

அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஞாபகப் பிசகு என்று ஒரு வரி போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் என் அண்ணா இருக்கிறார். அப்பா நின்ற அதே முதல் வரிசையில் இப்போது நிற்கிறார். இந்தப் பத்திரிகை வந்ததும் முதலில் என் பக்கத்தைத்தான் பிரிப்பார். அப்பா காலைத் தொட்டு நான் சொன்ன பொய்க்குப் பக்கத்தில் நின்ற சாட்சி அவர். "என் பையன் சினிமாப் பக்கம் தலை வைக்கமாட்டான்" என்று அப்பா சாகும்வரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

புதன்கிழமை

ஒரே நாளில் எழுதினேன். புதன்கிழமை மாலை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியெல்லாம் போய்விட்டது, வீடு காலியாக இருந்தது. தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் வாசிக்க, அவன் கண்ணை மூடிக் கேட்டான். எலுமிச்சம் சாதம் வந்த இடத்தில், "அது எங்கம்மா பக்கத்து வீட்டுல இரவல் வாங்குன சட்டி. புதுசுன்னு பொய் சொன்னா" என்றான். அண்ணாச்சி கடை, துண்டு, திரைக்குப் பின்னால் ஓட்டம் எல்லாவற்றையும் வாசித்தேன். முன்னால் போய் உட்கார்ந்ததாகச் சொன்னது பொய் என்கிற வரிக்கு வந்தேன்.

"தெரியும்லா" என்றான் ராயப்பன்.

நான் தாளை இறக்கினேன்.

"கடலை வாங்கிட்டு வந்தா ஆளைக் காணும். தேடிட்டு அந்தப் பக்கம் வந்தேன். எங்க சித்தி பக்கத்துல, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த."

"பாத்தியா?"

"பாத்தேன். திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

"அப்ப, நான் பின்னால இருந்து பாத்தேன்னு உனக்கு முதல்லயிருந்தே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நீ ஜெயிச்சிருப்பியே."

"நீ பயந்து ஒளிஞ்சிருந்த. ஒளிஞ்சவனைக் காட்டிக் குடுக்கதா?"

அண்ணாச்சிக்குப் பயந்துதான் ஒளிந்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஊர்த் திருவிழாவில், அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அல்லவா மறைத்திருக்கிறேன்? அதையும் அவன் அந்தப் பதினேழு வயதிலேயே பார்த்துவிட்டான். கடற்கரையில் எத்தனை சாயங்காலம் அவனைக் குருடன் என்று திட்டியிருப்பேன். அத்தனை தடவையும் அந்த ஒரு வார்த்தை அவன் வாய்க்குள் இருந்திருக்கிறது. அப்படிப்பட்டவனைத்தான் இடம் வலம் தெரியாதவன் என்று அச்சில் ஏற்றினேன். அழுதேன். அறுபது வயதுக்கு மேல் அழுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"வாசிச்ச வரைக்கும் போதும், அப்படியே குடுத்துரு" என்றான். "நான் பாத்ததை மட்டும் எழுதாத. அது நமக்குள்ள இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை ரயிலுக்கு நான் போகவில்லை, அவன் வர வேண்டாம் என்றுவிட்டான். அவன் போன மறுநாள் உட்கார்ந்து, அவன் எழுதாதே என்றதையும் ஒரு வரி விடாமல் எழுதிச் சேர்த்துவிட்டேன். மகள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். படித்ததும் அவனுக்குக் கோபம் தலைக்கேறும். ஏம்லே எழுதின என்று கேட்டு என்னைத் திட்டாமல் அவனால் இருக்க முடியாது. திட்டுவதற்கு அவன் எனக்குப் போன் செய்துதான் ஆகவேண்டும்.